வாயைத் திறங்க, சார்

பழி வாங்க நினைப்பது தப்பு என்று புத்தி சொல்பவர்கள் ஒரே ஆள்மேல் பத்து வருஷம் கோபமாக இருந்து பார்த்ததில்லை. நான் இருந்திருக்கிறேன். அந்த ஆள், திருப்போரூர்ப் பக்கம் எனக்கு ப்ளஸ் டூவில் விலங்கியல் எடுத்தவர்.

அவர் பாடத்தில் நான்தான் முதல் மார்க். சாக்பீஸ் வாங்கி வர, ரெஜிஸ்டர் கொண்டுபோக என்னைத்தான் அனுப்புவார். குடிக்கத் தண்ணீர் எடுத்துவர மட்டும் வேறு பெண் போக வேண்டும். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் பள்ளியில் மருத்துவம் வளர்ந்த கதையைச் சொல்லும் கண்காட்சி. அம்மை குத்தியவர், கிருமியைக் கண்டவர், விளக்கேந்திய நர்ஸ் என்று ஆளுக்கொரு வேஷம். நர்ஸ் ஆவதுதான் என் ஆசை என்பதால் அந்த வேஷத்தைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அந்தக் காலத்துத் தொழுநோயாளியா உக்காரும்மா. உனக்கு மேக்கப்கூட வேணாம்."

வகுப்பே சிரித்தது. கை காலில் கந்தல் சுற்றி, அலுமினியத் தட்டோடு இரண்டு நாள் தரையில் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். நடவு முடித்து வந்த அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுதுகினு கீற? படிச்சி அந்தாளு மூஞ்சில கரியப் பூசு."

செங்கல்பட்டில் நர்ஸிங் படித்தேன். மாமல்லபுரம் போகும் வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து, மருத்துவப் படிப்புகளைப் பற்றி மாணவர்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்று அதே பள்ளி கேட்டது. டூட்டியை மாற்றிக்கொண்டு நானே போனேன்.

அவர் முன்வரிசையில் இருந்தார். தொழுநோயாளிகளை ஊரைவிட்டுத் துரத்தியது, நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டது, பிறகு மாத்திரை வந்தது என்று கதையைச் சொல்லிவிட்டு, "இப்ப ஒரு நோயாளி வேணும். சார், நீங்க வாங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு இனித்தது.

இந்த நோய் வந்த தேமலில் தொட்டால் உணர்ச்சி இருக்காது, அதைச் சோதிக்கும் விதம் இது என்று சொல்லிக் கண்ணை மூடச் சொன்னேன். பேனா முனையால் நான் தொடும் இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். மணிக்கட்டு, சரியாகக் காட்டினார். கன்னம், அதுவும் சரி. சட்டைக் கையைச் சுருட்டினேன். முழங்கைக்கு மேலே எட்டணா அளவில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அதில் தொட்டேன். மறுபடி தொட்டேன். மூன்றாவது முறையும் அவர் விரல் அசையவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தையை அந்த மண்டபத்தில் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே சொன்னால் மனிதர் வைத்தியத்துக்கே வராமல் ஒளிந்துகொள்வார். எனக்கு அவர் வர வேண்டும். சட்டைக் கையை இறக்கிவிட்டு மறுபடி மணிக்கட்டைத் தொட்டேன். காட்டினார். கைதட்டினார்கள்.

வராண்டாவில் தனியாகச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. மறுவாரம் வந்தார். எங்கள் டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். ஆறு மாதம் மாத்திரை. மாதத்தின் முதல் வேளையை எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். அது விதி.

மீன்கூடைக்காரிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இன்னா வாத்தியாரே, நீயும் மாத்தரைக்கா வந்துகீற?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் முறை வந்ததும் பையிலிருந்து சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார்.

"வெளித் தண்ணி கூடாது சார். இதைத்தான் குடிக்கணும்."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாங்கிக் குடித்தார்.

"வாயைத் திறங்க, சார்."

திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஆறு மாதமும் இப்படித்தான். மாத்திரை விழுங்க ஒரு மடக்கு போதும். நான் டம்ளரை ஒவ்வொரு முறையும் விளிம்புவரை நிரப்பினேன், அவர் கடைசிச் சொட்டுவரை குடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.