கூட்டத்தோடு நிற்கும் அண்ணன்

இந்த மலரைக் கையில் வாங்கியவுடன் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அட்டையைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். நினைவு மலர் என்றால் நீல வானம், நடுவில் தனி முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. இதிலோ எங்கள் அண்ணன் ஒரு கல்யாணப் பந்தியின் நடுவில் கேமராவோடு நின்று, யாரையோ தள்ளி நிற்கச் சொல்லி விரட்டிக் கொண்டிருக்கிறார். பின்னால் ஒருவர் இலையில் பாயசம் வாங்குகிறார். ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. பெரியப்பா மகன் அச்சுக்குப் போகுமுன்பே அட்டையைப் பார்த்துவிட்டுப் போன் போட்டு, "ஏளா, ஊருக்கே போட்டோ புடிச்ச மனுசனுக்கு ஒரு நல்ல போட்டோவா கெடைக்கல?" என்று சத்தம் போட்டார். கிடைக்காமல் என்ன? அண்ணனின் தனிப் படங்கள் ஸ்டூடியோவில் எத்தனையோ இருக்கின்றன. தெரிந்துதான் இதைப் போட்டேன். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகன். "அத்தை, அப்பாவ ரொம்பப் புகழ்ந்து எழுதிராதீங்க, அப்பாவே கோவப்படுவாரு" என்றான். அந்தக் கவலை அவனுக்கு வேண்டாம்.

அண்ணன் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடையில் உட்கார வைத்தால் சரக்கைப் பார்க்காமல் தெருவில் போகிறவர்களையே பார்த்துக் கொண்டிருப்பாராம். இவன் வியாபாரத்துக்கு ஆக மாட்டான் என்று அப்பா கைகழுவி விட்டார். தூத்துக்குடியில் மாமாவின் பாத்திரக்கடைக்கு வேலைக்கு வந்தவர், பக்கத்துக் கட்டடத்து ஸ்டூடியோவிலேயே கிடந்து தொழிலைக் கற்றுக் கொண்டார். பிறகு துறைமுகத்துக்குப் போகிற பாதையில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ போட்டார். நான் அப்போது கல்யாணமாகி முத்தையாபுரத்தில் குடியிருந்தேன். "நான் வெளிய போனா கடைய யாரு பாப்பா? நீ வீட்டுல சும்மாதான இருக்க, வா" என்று கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகளையும் ஓர் ஆட்டையும் வைத்துக் கொண்டிருப்பவள் சும்மா இருக்கிறாளாம்! இருந்தாலும் போனேன். அன்றைக்கு ஏறிய பஸ்ஸை, அண்ணன் ஆஸ்பத்திரியில் படுக்கும் வரை நான் விடவில்லை.

அண்ணன் எடுக்காதது என்ன இருக்கிறது? புதுத் தோணியைத் தண்ணீரில் இறக்குவது, உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள், சங்கு குளிக்கிறவர்கள் மூச்சு வாங்கிக் கொண்டு மேலே வருவது, மாதா கோவில் தேர், அம்மன் கோவில் கொடை, காயல்பட்டினத்து நிக்காஹ் எல்லாம் எடுத்தார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மட்டும் முத்துக்குளிப்புப் படம் இருக்கிறதா என்றே கேட்பார்கள். "முத்தெல்லாம் நான் கேமராவத் தொடுததுக்கு முந்தியே போயிட்டு. சங்கு இருக்கு, உப்பு இருக்கு, மனுசன் இருக்கான். எது வேணும்?" என்பார். வந்தவர் சிரிப்பார். அண்ணன் சிரிக்க மாட்டார்.

சிரிக்க மாட்டார் என்பது மட்டுமில்லை, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உப்புக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தாலும் என் மேல்தான் எரிந்து விழுவார், ஏதோ நான் போய்க் கடலை ஊதிவிட்டு வந்த மாதிரி. ஆனால் ஒரு காரியத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. எடுத்த நெகட்டிவ் எதையும் எறிய மாட்டார். பிஸ்கட் டின்களில் ஊர் வாரியாகப் போட்டு வைத்திருப்பார். "ஒரு மொகம் விழுந்துட்டுன்னா அதத் தூரப் போட நாம யாரு?" என்று கேட்பார். சின்ன ஸ்டூடியோ. டின்களுக்கு இடையில் உட்கார்ந்துதான் நான் சாப்பிட வேண்டும்.

டின்கள் வீண் போகவில்லை. அந்தக் காலத்தில் கடற்கரை ஊர்களில் முக்கால்வாசிப் பேர் தனியாகப் படம் எடுத்துக் கொண்டதே கிடையாது. யாராவது இறந்துவிட்டால் குடும்பத்தார் இங்கே வருவார்கள். "அண்ணாச்சி, எங்க சின்னையா அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தாவ, ஓரத்துல நின்னாவ" என்பார்கள். அண்ணன் டின்னைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து அந்த ஓரத்து முகத்தைக் கண்டுபிடிப்பார். அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, சுற்றி நிற்பவர்களை நீலப் பெயிண்டால் மூடிவிடுவார். வெற்றுடம்பாக நின்றிருந்தால் ஒரு சட்டையும் வரைந்து போடுவார். பிறகு அதை மறுபடி படமெடுத்து, பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டி, கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று தன் கையாலேயே அழகாக எழுதித் தருவார். எங்கள் ஊர்ப் போட்டோக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரித்துக் கேட்டால் அது போய்ச் சேர்ந்தவர் முகம் என்று கேட்காமலே தெரியும். உயிரோடு இருக்கிறவர்தான் நேரில் வந்து ஸ்டூலில் உட்காருவாரே!

அப்படி இருக்கும்போதுதான் தருவைகுளத்திலிருந்து செலின் வந்தாள். சின்னப் பெண். கடலுக்குப் போன அவள் கணவன் திரும்பவில்லை. கூடப் போனவர்கள் கரையேறி விட்டார்கள். அவனை மட்டும் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை என்றாள். "எங்க மச்சினி கல்யாணத்துல பெஞ்சு தூக்கிட்டுப் போனாவ. அதுல இருப்பாவளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். இருந்தான். தோளில் பெஞ்சை வைத்துக் கொண்டு, யாரோ சொன்னதற்குப் பல் தெரியச் சிரித்துக் கொண்டு நின்றான்.

அண்ணன் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். பெஞ்சு போயிற்று, கூட்டம் போயிற்று, நீலம் வந்தது. படகு கரைக்கு வந்த நாளைக் கேட்டுத் தெரிந்து, 'மறைவு' என்று எழுதி அதையே போட்டுவிட்டார். செலின் வந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணாச்சி, மறைவுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அண்ணன் படத்துக்குக் கீழே எழுதியிருந்த தேதியைக் காட்டினார்.

"அவிய வரலன்னுதான சொன்னேன். செத்துட்டாவன்னு நான் சொல்லலியே. இது படகு வந்த நாளு. அவிய செத்த நாளுன்னு கடலா வந்து உங்ககிட்டச் சொல்லிச்சு?"

படத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் அதே நெகட்டிவை மறுபடி பிரிண்ட் போட்டார். பெஞ்சு, பந்தல், அக்கம்பக்கத்து முகங்கள் எல்லாம் இருக்க, அவனும் இருந்தான். கீழே ஓர் எழுத்து கிடையாது. தருவைகுளத்துக்குத் தானே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். விஷயம் அதோடு முடியவில்லை. நீலப் படம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவனைப் பெற்ற தாய் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். மகன் ஆத்துமாவுக்குப் பூசை கொடுக்க வேண்டும், மாலை போட ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். "பெத்தவ கேக்கேன், குடுங்க அண்ணாச்சி. அவ சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?"

கொடுத்தால் அந்தப் படம் அந்த வீட்டுச் சுவரில் ஏறும், மாலை ஏறும், அன்றிலிருந்து செலின் விதவை. கொடுக்காவிட்டால் பெற்ற தாய்க்கு மகனை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு முகம் கிடையாது. அண்ணன் அந்த அம்மாளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பெஞ்சோடு இருக்கிற படத்தில் இன்னொன்று போட்டுத் தருகிறேன் என்றார். "எம்புள்ளைக்கு மால போடணும், பெஞ்சுக்கா போடணும்?" என்று அந்த அம்மாள் எழுந்து, மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனார்.

அன்று நான் அண்ணனோடு சண்டை போட்டேன். "பெத்தவளுக்கு உரிமை இல்லையா? நீ என்ன ஞாயம் பேசுத?" என்றேன். இன்றும் அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அண்ணன் சொன்னார்: "ஏளா, நான் படம் புடிக்கவன். ஒருத்தரு இருக்காரு, இல்லங்கத நான் எப்படி எழுத? இம்புட்டு நாளும் எழுதிட்டு இருந்திருக்கேனே, அதுதான் எனக்குப் பதறுது." பிறகு என் முன்னாலேயே அந்த நீலப் படத்தைக் கிழித்தார்.

அந்த அம்மாள் படமில்லாமலே பூசை கொடுத்தார். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வார். பல வருஷம் கழித்து அவர் இறந்தபோது படமெடுக்க அண்ணனை வந்து கூப்பிட்டது செலின்தான். மாமியாரைக் கடைசி வரை வைத்துப் பார்த்ததும் அவள்தான். அண்ணன் போனார்.

அதற்கப்புறம் எங்கள் ஸ்டூடியோவில் யாரையும் அழித்து யாரையும் தனியாக்கியதில்லை. கம்ப்யூட்டர் வந்து, ஒரு தட்டுத் தட்டினால் பின்னால் இருப்பதெல்லாம் மறையும் என்று ஆன பிறகும் அண்ணன் அசையவில்லை. "கூட்டத்தோட இருந்தவரு கூட்டத்தோடயே இருக்கட்டும். பிடிக்கலன்னா அடுத்த கடைக்குப் போங்க" என்பார். போனவர்களும் உண்டு. அட்டைப் படத்துக்குக் காரணம் இதுதான். எங்கள் அண்ணனை நீல வானத்தில் தனியாக நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மதினி, அண்ணன் மனைவி, இறந்தபிறகு அண்ணன் ஒடுங்கிப் போனார். கேமராவைத் தூக்கக் கை நடுங்கியபோதும் கல்யாணங்களுக்கு வந்து ஓரத்தில் நின்று, படமெடுக்கிற இளவட்டங்களைத் திட்டிக் கொண்டிருந்தார். கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒரு நாள் காலையில், நான் கையைப் பிடித்துக் கொண்டிருக்கும்போதே அடங்கினார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் கோபத்தைப் பொறுத்துக் கொண்ட நர்ஸ் பிள்ளைகள், தூக்கிச் சுமந்த தெருக்காரர்கள், லீவு கிடைக்காவிட்டாலும் வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த அண்ணன் மகன், அன்று கடையடைத்து வந்து நின்ற சக போட்டோக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தியில் அண்ணன் திட்டிய இளவட்டங்களுக்கும்தான். தோள் கொடுத்தது அவர்கள்.

இன்னும் ஒருத்திக்குச் சொல்ல வேண்டும். இந்த மலர் பதினாறாம் நாளுக்கே வந்திருக்க வேண்டியது. அச்சகத்தார் அட்டைப் படத்துக்குக் கீழே போடத் தேதிகள் கேட்டார்கள். பிறந்த தேதியைச் சொன்னேன். அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று முதல் வருஷத் திதியே நெருங்கிவிட்டது. அண்ணன் மகன் போனில் கெஞ்சினான். அந்தச் சமயத்தில் என்னைப் பார்க்க செலின் முத்தையாபுரத்துக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது, கழுத்தில் தாலி இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். எழுத வேண்டாம் என்று சொல்லுவாள், அதைச் சாக்காக வைத்து விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"எக்கா, நீங்க பக்கத்துல இருந்து பாத்திய. மூச்சு நின்னதப் பாத்திய, கையத் தொட்டுப் பாத்திய. நீங்க எழுதலாம், எழுதுங்க" என்றாள். எழுந்து கிளம்பும்போது, "எனக்குத்தான் அந்தக் குடுப்பன இல்ல" என்றாள்.

அவள் போனதும் தேதியை எழுதி அச்சகத்துக்குக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் அண்ணன் இறந்துவிட்டார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

— தங்கை