இரண்டு பஸ்களுக்கு முன்னால்

நேற்று பேரன் டிவியில் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கார் சுவரில் மோதிச் சிதறியது. உடனே எங்கிருந்தோ, தலையில் விளக்கு மின்ன, வேறொரு கார் வந்து எல்லோருக்கும் முன்னால் போக ஆரம்பித்தது. அதுவரை பறந்தவர்கள் அத்தனை பேரும் அதன் பின்னால் வரிசை கட்டினார்கள்.

"ஏன்டா இப்படி ஊருது?" என்றேன்.

"ஊருதா? பாட்டி, ரோட்ட சரிபண்றவரைக்கும் எல்லாரையும் அடக்கிக் கூட்டிட்டுப் போற கார் அது, யாரும் அதத் தாண்டக்கூடாது. ஆனா நம்ம டவுன் பஸ்ஸவிட ரெண்டு மடங்கு வேகம். பின்னாடி வர்றவனுக்குத்தான் ஆமை மாதிரி இருக்கும். ரொம்ப மெதுவா போனா டயர் ஆறிப்போகுதுன்னு திட்டுவானுங்க."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எண்பது தாண்டிய கிழவிக்கு டிவி காரைப் பார்த்து என்ன பயம் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அப்படி முன்னால் போகிற காரில் நான் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம். மாரண்டஹள்ளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்குப் பத்தொன்பது வயது. சேலை, தலைமுடி, சாப்பிடுகிற களி என்று எல்லாவற்றிலும் தரை கழுவும் லைசால் மருந்து வாசனை. என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவர் காபியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தது அதனால்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக் காரிலும் அதே வாசனைதான். பிரசவத்துக்கு விரிக்கும் சிவப்பு ரப்பர் விரிப்பு எப்போதும் பின்சீட்டில் சுருட்டிக் கிடக்கும். காரை ஓட்டியவர் சின்னப்பண்ணன். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். காரின் வேகம் காட்டும் முள் நான் வேலைக்குச் சேரும் முன்பே செத்துப்போயிருந்தது.

அன்று மாதம்மா என்ற பெண்ணுக்குக் காலையில் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. "தர்மபுரிக்குக் கொண்டு போங்க, குலுங்காம போங்க" என்றார் டாக்டர். பின்சீட்டில் அவளைச் சாய்த்து, குழந்தையை அவள் மார்பில் அணைத்துவிட்டு, காலடியில் நான் குந்திக்கொண்டேன்.

பாலக்கோடு தாண்டியதும் பின்னால் ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தேன். புழுதிக்குள் இரண்டு பஸ்கள், ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி. அந்தத் தடத்தில் இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஓடின. முதலில் போகிறவனுக்குத்தான் வழியில் நிற்கும் ஆள்கள். பந்தயம் தினமும் நடப்பதுதான். பஸ்ஸுக்குள் இருப்பவர்களே "வுடு, வுடு" என்று கத்துவார்கள்.

"அண்ணா, வழி வுட்டுருங்க" என்றேன்.

அவர் ஒதுங்கவில்லை. "முன்னால பாருங்க நர்ஸம்மா."

பார்த்தேன். இறக்கத்தின் அடியில் ஏரிக்கரை வளைவு. அதைத் தாண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு வாரச்சந்தை. மாடு, கூடை, தக்காளி, குழந்தைகள். எங்கள் கார் கிளப்பிய புழுதியிலும் பந்தய வெறியிலும் வளைவு திரும்பும்வரை பஸ்காரர்களுக்கு அது தெரியாது.

"நின்னா நம்ம மேல ஏறிருவானுங்க. ஓடுனா அவனுங்களும் ஓடுவானுங்க," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு காரை நடுரோட்டுக்குக் கொண்டுபோய், குலுங்காமல் போகச் சொன்னதை மறந்தவர் மாதிரி ஒரே மிதியாக மிதித்தார். மாதம்மா முனகினாள். பின்கண்ணாடி முழுக்க பஸ்ஸின் மூக்கு. அதன் என்ஜின் சூடு என் கழுத்தில் படுவதுபோல் இருந்தது.

"சிவப்பு விரிப்ப வெளிய காட்டுங்க!"

ஜன்னல் வழியாக அதை நீட்டினேன். காற்று பிடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்தேன். என் உடம்பு பாதி வெளியே. கார் பஸ்ஸின் வேகத்துக்கு வந்ததும், சின்னப்பண்ணன் காலை மெல்ல மெல்ல எடுத்தார். பின்னால் வருகிறவனுக்கே தெரியாமல் அவன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடினார். அன்று எவ்வளவு வேகத்தில் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவருக்கும் தெரியாது. பின்னால் வந்த என்ஜினின் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினார்.

இரண்டாவது பஸ் ஓரமாக ஏறிவரப் பார்த்தது. புளியமரத்தில் அதன் பக்கத்தகடு கிழிகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது பின்தங்கியிருந்தது.

வளைவு திரும்பினோம். சந்தைக்குள் நுழையும்போது மாடு நடக்கிற வேகம்தான். ஒரு கிழவர் கூடையைக் கூட நகர்த்தாமல் எங்களை முறைத்தார். மாதம்மா கண் திறந்து, "ஏங்க இவ்ளோ மெதுவா போறீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சந்தையின் மறுமுனையில் முதல் பஸ்ஸின் டிரைவர் இறங்கி எங்களை நோக்கி வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வந்தவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டாவதா போனா வேலைக்கு வராதன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. நிறுத்தவும் முடியல, ஓட்டவும் பயம். நீங்க மறிச்சீங்க, நான் பொழச்சேன்."

சின்னப்பண்ணன் அவனைத் திட்டவில்லை. "நான் முன்னால போறேன். பின்னால வாடா" என்றார். தர்மபுரிவரை இரண்டு பஸ்களும் எங்களுக்குப் பின்னால், ஹாரன் கூட அடிக்காமல் வந்தன.

மாதம்மாவும் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் ஒரு மாதம் தூக்கத்தில் விரிப்பு கையை விட்டுப் பறந்துகொண்டே இருந்தது.

யுத்தம் வந்து பெட்ரோல் அற்றுப்போனது. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓட, பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டினார்கள். மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். பந்தயம் அத்தோடு போயிற்று. இன்று அந்த ரோட்டில் அந்த வளைவே இல்லை, ஏரியை ஒட்டி நேராகப் போகிறது. புளியமரங்களையும் வெட்டிவிட்டார்கள்.

சின்னப்பண்ணன் பட்டாளத்து லாரி ஓட்டப் போனார். ஆஸ்பத்திரி விலாசத்துக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரையோ எழுதச் சொல்லி. "இங்கே எங்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு வண்டி போகிறது. அதைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. நான் பின்னால் போகிறேன், பயமில்லை" என்று இருந்தது. அடுத்த கடிதம் வரவேயில்லை.