விட்டுக்கொடுத்த கோல்

சம்பளத்துக்குப் பந்து விளையாடின முதல் ஆட்களில் நானும் ஒருத்தன். யாங்கோனில் சம்பள லீக் ஆரம்பித்த புதுசு. அதற்கு முன்னால் ஜெயித்தால் ஒரு வேளை பிரியாணி, அவ்வளவுதான். நான் முன்வரிசை. கோல் போடுவதுதான் வேலை. காலில் வேகம் குறைந்ததும் விட்டுவிட்டு, அதே ஊரில் தாமுவே என்கிற பேட்டையின் மார்க்கெட்டில் கோழிக் கடை போட்டேன்.

அப்புறம் சண்டைக் காலம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வார்டில் சீட்டுக் குலுக்கினார்கள். என் பேர் வந்தது. போனேன். அடிபட்டவர்களைத் தூக்கிவரும் வேலை கொடுத்தார்கள். தூக்கினேன். அதைப் பற்றி எழுத வேறே ஒன்றுமில்லை.

வீட்டில் சம்சாரத்துக்கு நிறைமாசம். லீவு கேட்டேன். சயாஜி, அதுதான் எங்கள் சார்ஜண்ட், எல்லாருக்கும்தான் பெண்டாட்டி இருக்கிறாள் என்றார். அந்த வாரம் எங்களுக்கும் முகாம் சமையல்காரர்களுக்கும் மேட்ச் வைத்தார். ஜெயித்த பக்கத்தில் ஒருத்தருக்கு மூணு நாள் லீவு. ஜெயித்தால் உனக்குத்தான் என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

சமையல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்கினவன் முன்வரிசையில் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்றார்கள். பேசிப் பேசி என்னைக் கோலில் நிறுத்தினார்கள். நான் கோலில் நின்றதே இல்லை.

முதல் பந்து வந்தது. கையால் பிடிக்கத் தோன்றவில்லை. நெஞ்சில் வாங்கிக் காலில் போட்டேன். எங்கள் ஆட்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். தலைமைச் சமையல்காரன், தொப்பைக்காரன், எதிரே நின்று சிரித்தான்.

“கை எதுக்கு அண்ணே? தலை சீவ மட்டுமா?”

அப்புறம் வெகுநேரம் யாருக்கும் கோல் விழவில்லை. முடிகிற நேரத்தில் பந்து மறுபடி என் காலுக்கு வந்தது. முன்னால் இடம் கிடந்தது. கால் பந்தோடு தானாக ஓடிவிட்டது. திரும்பு, திரும்பு என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். பின்னால் எங்கள் கோல் காலி. மறிக்க வந்த ரெண்டு பேர் ஒருத்தரோடு ஒருத்தர் மோதி விழுந்தார்கள். இடது காலால் தள்ளினேன். உள்ளே போனது.

அப்புறம்தான் தகராறு. கோல்கீப்பர் கோல் போடலாமா, கூடாதா? சயாஜிக்கே தெரியவில்லை. என்னைக் கேட்டார். போடலாம் என்றேன். இவன் வேறே எப்படிச் சொல்வான் என்று சமையல்காரர்கள் சத்தம் போட்டார்கள். சயாஜி மேட்ச்சும் கிடையாது, லீவும் கிடையாது என்று கிளம்பப் பார்த்தார்.

தொப்பைக்காரன் என்னைத் தனியே இழுத்தான்.

“கோலை நீ விட்டுடு. ஜெயிச்சது நாங்கன்னு இருக்கட்டும், லீவை நாங்க உனக்கு விட்டுடுறோம்.”

நான் கோலை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். யோசிக்கவே இல்லை. ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதால் சமையல்காரர்கள் ஜெயித்ததாக சயாஜி சொல்லி, லீவை என் பேரில் எழுதினார். அவர்கள் சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடினார்கள். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

மூணாம் நாள் விடிகாலை மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். பார்த்துவிட்டு அன்றைக்கே முகாமுக்குத் திரும்பினேன்.

சாப்பாட்டு வரிசையில் தொப்பைக்காரன் என்ன குழந்தை என்று கேட்டான். பொண்ணு என்றேன்.

“தோத்தவனுக்கு இவ்வளவு சிரிப்பு ஆகாது,” என்று சொல்லி இன்னொரு துண்டு கறி போட்டான்.