தெற்கே நீண்ட ஏழு கைகள்

ஓய்வு பெறும்வரை நில அதிர்வுக் கண்காணிப்பு நிலையம் ஒன்றில் கணக்குப் போட்டேன். ஒரே அதிர்வுக்கு இரண்டு கணக்கு முறைகள் இரண்டு இடங்களைச் சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்புக்குறி போடுவோம். பல அதிர்வுகளுக்குப் போட்டபின் அம்புகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தால் தற்செயல். எல்லாம் ஒரே பக்கம் நீண்டால் ஏதோ ஒரு முறையில் சாய்வு இருக்கிறது.

சிவகாசிக்குக் குடிவந்தபின் இந்த வேலையைத் தெருவே செய்தது. பெரிய சத்தம் கேட்டால் எல்லோரும் வாசலுக்கு வந்து, அது வந்த திசைக்குக் கை நீட்டுவார்கள்.

செல்போன் எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் பதினொரு கைகள். ஏழு தெற்கே, நான்கு வடகிழக்கே. தெற்கே தாயில்பட்டி. அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில்தான் எங்கள் மகள் வேலை பார்த்தாள். போன் போட்டேன், பிஸி. மறுபடியும் பிஸி.

மனதை வேறு பக்கம் திருப்பக் கணக்கில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாள் வடகிழக்கே காட்டினார். அவர் கணவர் அந்தப் பக்கம் ஆனைக்குட்டத்தில் லோடு ஏற்றுகிறவர். தெற்கே காட்டியவர்கள் வீடுகளிலிருந்தெல்லாம் யாராவது தாயில்பட்டிக்கு வேலைக்குப் போய்வந்தார்கள்.

மனைவியிடம் சொன்னேன்: "போன வருசம் வரைக்கும் நீ கெழக்கதான் காட்டுவே. மக வேலைக்குச் சேர்ந்ததும் ஒன் காது தெக்க திரும்பிருச்சு. இதுக்குப் பேருதான் சாய்வு."

"இருக்கட்டும். ஒங்க கை எங்கன நிக்குன்னு பாருங்க."

பார்த்தேன். ஏழில் ஒன்று என்னுடையது.

"அண்ணாச்சி, கணக்கப் பெறகு பாப்பீக. மொதல்ல போனைப் போடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

போடுவதற்குள் அதுவே அடித்தது. மகள்.

"அப்பா, எம்புட்டு நேரமா அடிக்கேன், லைனே கிடைக்கல! வடக்க பெரிய சத்தம். நம்ம தெருப் பக்கம் ஒண்ணும் இல்லையே? அம்மா எங்க?"

நாங்கள் அவளை அழைத்த நேரமெல்லாம் அவள் எங்களை அழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மனைவி போனைப் பிடுங்கி, "இங்கன நல்லாத்தான் இருக்கோம்டி, நீ சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தாள்.

சாயங்காலம் விவரம் தெரிந்தது. மேற்கே ஒரு கல்குவாரியில் பாறைக்கு வைத்த வெடி. யாருக்கும் அடியில்லை. எங்கள் பதினொரு கைகளில் ஒன்றுகூட மேற்கே நீளவில்லையே என்று புலம்பினேன்.

"மேக்க நம்ம தெரு ஆளு ஒருத்தர் வேலைக்குப் போயிருந்தா கரெக்டாச் சொல்லியிருப்போம்" என்றாள் மனைவி.