காலி பெல்ட் ஏன் கத்தியது?

போன வியாழக்கிழமை என் வாய் சும்மா இருக்காமல் ஒரு வேலை பார்த்துவிட்டது. மாட்டியது நானல்ல... பக்கத்து வீட்டு ஜெனிஃபர்.

ஜெனிஃபர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்பா இங்கே திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இவள் கோவையில் இயற்பியலில் பிஎச்டி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்றால், "டிடெக்டர் அங்கிள்" என்பாள். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அன்று காலை நண்பர் நடராஜண்ணன் போன் செய்தார். பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்.

"ஏனுங்க, எங்க நீடில் டிடெக்டரு விடாம கத்துதுங்க. மத்தியானம் துணி வாங்குற பையரோட ஆளு செக்கிங் வர்றாரு. மெக்கானிக்கு ஊர்ல இல்லீங்க. யாராச்சும் தெரியுங்களா?"

தைத்த துணிக்குள் உடைந்த ஊசி ஒளிந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மெஷின் அது. அது சம்மதிக்காமல் ஒரு பனியன்கூடப் பெட்டிக்குள் போகாது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா?

"எங்க பக்கத்து வீட்டுலயே டிடெக்டர்ல பிஎச்டி இருக்குதுங்க!"

கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர் அனுப்பிய கார்.

"அங்கிள், என் டிடெக்டர் வெறும் பேப்பர்லதான் இருக்கு!" என்று ஜெனிஃபர் அலறினாள். அதற்குள் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிவிட்டது.

"வாங்க டாக்டரம்மா!" என்று வரவேற்ற நடராஜண்ணன் ஸ்விட்சைப் போட்டார். காலி பெல்ட் நகர்ந்தது. பீப்!

"பாருங்க அம்மிணி, ஒண்ணுமே வெக்கலீங்க. நின்னாக் கம்முனு இருக்குது. ஓடுனாக் கத்துது."

அதுவரை அழாத குறையாக நின்ற ஜெனிஃபரின் முகம் பளிச்சென்று ஆனது.

"இதுதான் என் தீசிஸே! ஒண்ணுமே இல்லாத வெற்றிடத்துல டிடெக்டர் சும்மா கெடந்தா எதையும் காட்டாது. அதையே வேகத்தைக் கூட்டிக்கிட்டே இழுத்துட்டுப் போனா, துகள் இருக்குன்னு காட்டும். வெற்றிடமே அதுக்குச் சூடாத் தெரியும். கருந்துளைப் பக்கத்துல உள்ள விழாம புடிச்சு நிறுத்தி வெச்சாலும் அப்படித்தான்!"

நடராஜண்ணன் யோசித்தார். "அப்ப பெல்ட்ட மெதுவா ஓட்டுனாச் செரியாப் போயிருங்களா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரே ஒரு டிகிரி சூடு தெரியணும்னாலே, ராக்கெட் இழுக்குற இழுப்பெல்லாம் பத்தாது."

"செரிங்க... அப்ப எங்க மிஷினு ஏனுங்க கத்துது?"

நியாயமான கேள்வி. தீசிஸை ஓரமாக வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தோம்.

செல்போன், சாவிக்கொத்து, பேக்கிங் பெண்களின் வளையல் — எல்லாவற்றையும் தூரமாக வைத்துப் பார்த்தோம். பீப்! மணி பன்னிரண்டு. நடராஜண்ணன் வேர்வையைத் துடைக்க ஒரு புது பனியனையே எடுத்துவிட்டார்.

ஜெனிஃபர் மட்டும் ஒரு பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் நடுவே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "சாக்பீஸ் இருக்கா?" என்றாள். பெல்ட்டில் ஒரு கோடு போட்டாள். கோடு ஒரு சுற்று வந்தால் ஒரு பீப். மறு சுற்று... மறு பீப்!

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். பெல்ட்டின் அடிப்பக்கம், தையல் இடுக்கில், உடைந்த ஊசி முனை ஒன்று சொருகிக்கொண்டு இலவசமாகச் சவாரி செய்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் மெஷின் கப்சிப்.

பேக்கிங் செக்‌ஷனே கைதட்டியது. "டாக்டரம்மா, மிஷினப் பாத்துக்க வருஷத்துக்கு ஏஎம்சி ஒப்பந்தம் போட்டுக்கலாங்களா?" என்று இளநீரை நீட்டினார் நடராஜண்ணன்.

திரும்பி வரும்போது காரில் அவள் முகம் வாடிக் கிடந்தது. "ஏம்மா?" என்றேன்.

"நெசமாவே ஒண்ணும் இல்லாம கத்தியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும் அங்கிள்..."

ஊசி கிடைத்துவிட்டதே என்று வருத்தப்பட்ட ஒரே ஜீவன், இந்தத் திருப்பூரிலேயே அவளாகத்தான் இருக்கும்!