கிருமி இல்லாத ஏரி மண்

2009 கோடையில் கடலூர் பக்கத்தில் ஓர் ஏரி வற்றியது. ஏரி வற்றினால் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அது ஆலைக் கழிவு கலந்த ஏரி என்பதால் ஊரார் தயங்கினார்கள். அதிகாரிகள் மண்ணைச் சோதித்து, "நோய்க் கிருமி இல்லை, வயலுக்குப் போடலாம்" என்று அறிக்கை கொடுத்தார்கள். நிருபராக இருந்த நான் அதை அப்படியே செய்தியாக்கினேன்.

மறுநாள் அக்காவின் கணவர் டிராக்டருக்குச் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்தியது. "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்றேன்.

"ஏன் மச்சான், உன் பேப்பர்ல வந்தது பொய்யா?" என்று சிரித்தார்.

ஒரு பிடி ஏரி மண்ணைச் சிதம்பரத்தில் ஆய்வு மாணவி ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் வயல் மண் இட்ட தட்டு முழுக்கக் கிருமிப் புள்ளிகள். ஏரி மண் இட்டதில் நாலைந்துதான்.

"நல்ல சேத்துல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்கும் சார். இது சுத்தம் இல்ல, சாவு. தனியா சோதிச்சும் பார்த்தேன், ஈயமும் காட்மியமும் ஜாஸ்தி."

அறிக்கை கொடுத்த அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"நோய்க் கிருமி இருக்கான்னுதான் பார்க்கச் சொன்னாங்க. உலோகத்தப் பத்தி யாரும் கேக்கலியே" என்றார். குரலில் சிறு கூச்சம்கூட இல்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன் என்பதால் ஆத்திரம் இரட்டிப்பானது.

பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா பொறுத்திருக்கவில்லை.

"கொட்டின மண்ண அள்ளிடுங்க மாமா."

"எத அள்றது மச்சான்? ஏர் ஓட்டிட்டேன். எது வயலு, எது ஏரின்னு இப்ப நீயே வந்து பிரிச்சுக் காட்டு."