பதினாறாவது பொத்தான்

இன்று காலை எங்கள் வாட்ஸப் குழுவில் யாரோ கேட்டிருந்தார்: "இணையத்தளம் செய்யப் பழகுறன். முதன்முதலாய் எதைச் செய்து பார்க்கலாம்?" நான் பல் துலக்கி வருவதற்குள் இருபது பேர் பதில் எழுதிவிட்டார்கள். கணிப்பான், அன்றாட வேலைகளின் பட்டியல், மழை வருமா வராதா என்று சொல்லும் பக்கம். எல்லாம் நல்ல பதில்கள்தான். நானும் முதன்முதலாய் நான் செய்த பக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்பதை உங்களுக்குச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியறையில்தான் நான் இந்த வேலையைப் படித்தேன். யன்னலைத் திறந்தால் அழுகிய கோவா இலைகளின் மணம் வரும், மூடினால் வியர்வை. மாத முடிவில் ஆளுக்கொரு பயிற்சித் தளம் செய்து காட்டவேண்டும் என்றார் எங்களுக்குப் படிப்பித்த சேர். மற்றவர்கள் கணிப்பானைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. யாழ்ப்பாணத்து வெங்காயம் முழுவதையும் விற்கும் தளம் என்று கொப்பியில் எழுதினேன். அப்போது எனக்கு ஒரு பொத்தானைப் பக்கத்தின் நடுவில் வைக்கவே தெரியாது.

வெங்காயம் நினைவுக்கு வந்ததற்கு அப்பாதான் காரணம். புத்தூரில் எங்களுக்குத் தோட்டம் இருந்தது. அப்பாவின் விரல்களில் எப்போதும் அந்த மணம்தான். ஆனால் ஊர் அவரை அறிந்தது குரலால். கடைசிப் பாத்தி நிரம்பியதும் "மெஷினை நிப்பாட்டு பிள்ளை!" என்று அவர் கத்தினால், இறைப்பு மெஷினின் சத்தத்தையும் தாண்டி மூன்று தோட்டத்துக்குக் கேட்கும்.

அந்த வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தவர் தோட்டப் பக்கமே போகவில்லை. எழுதிக் காட்டலாம்தான், ஆனால் அம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டிருந்தது. அதனால் கரண்டியால் தட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் தேநீர்.

ஒரு பின்னேரம் அவர் தட்டத் தட்ட, அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு தேநீர். பிறகு மாத்திரை. அவர் கேட்டது எது என்று பிறகும் எழுதிக் காட்டவில்லை; இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தட்டத்தை முற்றத்தில் வீசி எறிந்தார். அப்பா ஒரு பொருளை எறிந்து நான் அதற்குமுன் கண்டதில்லை. பிறகு அவரே எழுந்து போய் அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கும் சத்தமில்லை.

அடுத்த நாள் கொப்பியில் வெங்காயத் தளத்தை வெட்டிவிட்டு வேறொன்றை எழுதினேன். ஒரே ஒரு பக்கம். அதில் படம் போட்ட பதினைந்து பொத்தான்கள். தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு வசனம் சொல்லும்.

"உது சின்ன வேலையெல்லே பிள்ளை. உதிலை என்ன படிக்கப்போறீர்?" என்றார் சேர்.

"அப்பாவுக்குத் தேவை சேர்."

அவர் என் கொப்பியில் சரி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

முதலில் என் குரலிலேயே பதிவு செய்தேன். கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும் என்று படித்திருந்தும், நான் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டேன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துப் படத்தின் வசனம் போய்விட்டது. அப்பா தண்ணீர்ச் செம்பின் படத்தைத் தொட, பழைய ஃபோன் "கக்கூசுக்குப் போகவேணும்" என்றது. அம்மா பதறி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கடதாசியில் எழுதித் தந்தார்: "நல்லாயிருக்கு. ஆனால் இது உன்ரை குரல்."

அவருடைய குரலை எங்கே தேடுவது? கலியாண வீட்டு வீடியோக்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் மேளச் சத்தம்தான். அந்தக் குரல் ஊரில் இன்னொருவரிடம் இருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. வெளியில் நின்று கூப்பிட்டால் வந்தது யார் என்று அம்மாவே தடுமாறுவார். ஆனால் பங்குக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்ற பிரச்சினையில் அண்ணனும் தம்பியும் ஏழு வருடமாகக் கதைப்பதில்லை. சித்தப்பா ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

யாருக்கும் சொல்லாமல் போனேன். அப்பாவுக்காக அந்த வசனங்களை அவருடைய குரலில் சொல்லித் தரும்படி சித்தப்பாவிடம் கேட்டேன்.

"என்ரை குரல் எண்டு தெரிஞ்சால் அண்ணை தொடுவாரோ?"

"தெரியாது சித்தப்பா."

கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பசிக்குது" என்பதை மட்டும் மூன்று தரம் திருத்திச் சொன்னார். "அண்ணை உப்பிடிக் கெஞ்சமாட்டார்," என்றார். பதினைந்தும் முடிந்த பிறகு, "இன்னொண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார். நான் ஃபோனை நீட்டினேன்.

"தம்பி, உள்ளுக்கை வா."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதையும் சேர்த்தேன், பதினாறாவது பொத்தானாக. என்ன படம் போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். அப்பா முதல் பொத்தானைத் தொட்டதுமே அது யாருடைய குரல் என்று கண்டுகொண்டார். முகம் இறுகியது. ஆனாலும் நிறுத்தாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசியைக் கேட்டதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். நாலு நாள் மறுபடி கரண்டிதான். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சித்தப்பா சைக்கிளோடு வந்து வேலிப் படலைக்கு வெளியில் நின்றார்.

"இஞ்சை, தம்பியார் வந்து நிக்கிறார்," என்றார் அம்மா, மெதுவாக.

அப்பா ஃபோனை எடுத்தார். அவசரத்தில் பொத்தான் மாறி, முதலில் "தேத்தண்ணி வேணும்" என்று கேட்டது. பிறகு சரியான இடத்தைத் தொட்டார். சித்தப்பா தன்னுடைய குரலே தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உண்மையாகவே தேநீர் போட்டார்.

வகுப்பில் எனக்குச் சுமாரான புள்ளிதான். எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவாம்.

அப்பா அதன்பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். அவர் போன பின்னும் அம்மா சில பின்னேரங்களில் அந்தப் பொத்தான்களைத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு, என் இணையப் பக்கத்துக்கு இலவசமாக இடம் தந்தவர்கள் தங்கள் சேவையை மூடிவிட்டார்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். நான் திறந்து பார்க்கவில்லை. குரல்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. இன்றைக்கு ஊருக்கெல்லாம் பிரதி எடுத்து வையுங்கள் என்று புத்தி சொல்கிற ஆள் நான்.

அம்மா ஒருநாள் சித்தப்பாவிடம், "அதெல்லாத்தையும் இன்னொருக்கால் சொல்லித் தாங்கோவன்," என்று கேட்டார்.

சித்தப்பா தலையை ஆட்டி மறுத்தார். "அண்ணை தொட்டாத்தான் மச்சாள் அது அவரின்ரை குரல். இனிச் சொன்னால் அது வெறும் என்ரை குரல்தானே."